காலி நிலம் என்றொரு கணக்கு
கீழ் பர்மாவின் மக்கள்பெருக்கமும் நெல் வளர்ச்சியும், 1852–1941

1. கேள்வி

1852-இல் இரண்டாம் ஆங்கிலேய–பர்மியப் போர் முடிந்து பெகு பிரதேசம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அப்போது ஐராவதிக் கழிமுகத்தில் நெல் விளைந்த பரப்பு 10 லட்சம் ஏக்கரைக்கூட எட்டவில்லை. 1930களின் நடுவில் அது 85 லட்சம் ஏக்கரைத் தாண்டியிருந்தது. உலகச் சந்தைக்கு வேறெந்த நாட்டையும்விட அதிக அரிசி அனுப்பிய நாடு அன்றைய பர்மாதான். அதே ஆண்டுகளில் கீழ் பர்மாவின் நெல்வயல்களில் ஏறத்தாழ பாதி, ஏர் பிடிக்காதவர்களின் பெயரில் இருந்தது.

ஆள்பெருக்கம் வளர்ச்சியைக் கொண்டுவந்ததா, வளர்ச்சி ஆட்களை இழுத்துவந்ததா என்ற பழைய விவாதத்துக்குக் கீழ் பர்மா வழக்கமாகத் தரப்படும் சான்று. இக்கட்டுரை கேட்பது வேறு: எண்பது ஆண்டுகள் ஓயாமல் பெருகிய ஒரு பொருளாதாரம், அதைப் பெருக்கியவர்களிடம் ஏன் இவ்வளவு குறைவாக விட்டுச்சென்றது?

தமிழ் வாசகருக்கு இந்தக் கதையின் ஒரு பக்கம் தெரியும். செட்டிநாட்டு வீட்டின் தேக்குத் தூண், ரங்கூன் முகல் தெருவின் வட்டிக்கடை, 1942-இல் மலையேறி நடந்து வந்தவர்களின் துயரம். வெ. சாமிநாத சர்மாவின் ‘பர்மா வழிநடைப் பயணம்’ அந்த நடையின் அரிய பதிவு. ஆனால் நம் நினைவில் பர்மா என்பது போய்ச் சம்பாதித்த, பிறகு பறிகொடுத்த இடம். அங்கே நாற்று நட்டவன் நம் கதைகளில் பற்று வரிசையில் ஒரு பெயராகத்தான் வருகிறான். இந்த இடைவெளியை மனத்தில் வைத்துக்கொண்டுதான் சான்றுகளைப் படிக்க வேண்டியிருக்கிறது.

2. நிலம் காலியாக இருந்ததா?

ஆங்கிலேய நிர்வாகிகளின் அறிக்கைகளில் கழிமுகம் மனிதவாடையற்ற காடாகவே தொடங்குகிறது. நாணலும் கண்டல் காடும், அவற்றுக்கிடையே அங்கங்கே ஒரு கிராமம். இந்த வருணனை முழுப் பொய்யில்லை. கடலோரத் தாழ்நிலங்களில் குடிகள் உண்மையிலேயே குறைவு. ஆனால் அந்த வெறுமைக்கு ஒரு வரலாறு உண்டு. பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சேசரே ஃபெடரிச்சியும் ரால்ஃப் ஃபிச்சும் பார்த்துப் பதிவுசெய்த பெகு, செல்வமும் சந்தடியும் மிகுந்த தலைநகரம். 1599-இல் அந்த நகரம் வீழ்ந்தது. 1757-இல் பர்மிய மன்னர் அலவுங்பயா மீண்டும் பெகுவைப் பிடித்தபோது மொன் மக்கள் கூட்டங்கூட்டமாகச் சயாமுக்கு ஓடினார்கள். அதன்பின் ஆங்கிலேயருடன் இரண்டு போர்கள். ஆக, 1852-இல் கம்பெனி அதிகாரிகள் கண்டது போர்கள் காலிசெய்த நிலத்தை. இயற்கையின் கன்னிநிலமாக அதை எழுதிவைத்தது அவர்களுக்கு வசதியாக இருந்தது.

இன்னொன்றும் உண்டு. நெல் இல்லை என்பதற்காக நிலம் சும்மா கிடந்தது என்று ஆகாது. கரேன் மக்களும் மொன் மக்களும் அங்கே மீன் பிடித்தார்கள், காட்டை வெட்டியெரித்துப் பயிரிட்டார்கள், கடலோரத்தில் உப்புக் காய்ச்சினார்கள். பின்னர் இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கிய மலிவான உப்பு அந்த உப்புத் தொழிலை நசித்தது. மீன்பிடி நீர்நிலைகள் அரசு ஏலம்விடும் குத்தகைப் பொருளாயின. வரிக் கணக்கில் ஏறாத பிழைப்புகள் எவையும் ‘பயன்பாடு’ என்று எண்ணப்படவில்லை. காலி நிலம் என்பது, இந்த அர்த்தத்தில், வருவாய்த் துறையின் ஒரு பத்தித் தலைப்பு.

பர்மாவை ஆண்ட கொன்பவுங் அரசர்கள் அரிசி ஏற்றுமதியைத் தடுத்திருந்ததையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். தெற்கின் நெல் வடக்கின் வறண்ட மாவட்டங்களுக்குச் சோறு. வெளியே போனால் அரண்மனையைச் சுற்றி விலை ஏறும். தடை நீங்கியதும், 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் (அதற்கு முன்பே ஐரோப்பிய வாங்குவோர் வந்துவிட்டார்கள் என்பதை செங் சியோக் ஹ்வாவின் நெல் தொழில் வரலாறு காட்டுகிறது) அதுவரை விலையில்லாதிருந்த சதுப்புக்கு விலை வந்தது.

3. ஒரு வயல் உருவாகும் விதம்

ஏக்கர்க் கணக்குகள் மறைத்துவிடும் உழைப்பைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். மேல் பர்மாவின் வறள் வலயத்திலிருந்து ஒரு குடும்பம், அல்லது சேர்ந்து புறப்பட்ட சில குடும்பங்கள், படகில் கழிமுகத்துக்கு வந்து சேரும். காட்டில் ஓரிடம் பிடித்துக்கொள்ளும். முதலில் வெட்டிமுடித்தவனுக்கே நிலம் என்பது பழைய பர்மிய வழக்கம். கனாசோ மரங்களை வெட்டிச் சாய்த்துக் கோடையில் உலரவிட்டு, மழை இறங்குமுன் தீ வைப்பார்கள். வேர்க்கட்டைகள் ஆண்டுக்கணக்கில் நிலத்திலேயே கிடக்கும்; அவற்றுக்கிடையில் விதைப்பார்கள். உப்புநீர் ஏறாமல் வரப்பு உயர்த்த வேண்டும். நண்டு நாற்றைக் கத்தரிக்கும். யானையும் பன்றியும் கதிரைத் தின்னும். காய்ச்சல் ஆட்களைத் தின்னும். முழு விளைச்சல் வரச் சில பருவங்களாவது ஆகும்.

அந்தச் சில பருவங்கள்தான் எல்லாவற்றுக்கும் மூலம். சாப்பாட்டுக்கும் மாட்டுக்கும் அறுவடைக் கூலிக்கும் பணம் வேண்டும். புதிதாகத் திருத்திய நிலத்துக்கு அரசு சில ஆண்டுகள் நிலவரியை விலக்கியது. அதற்குமேல் கடனுதவி என்று சொல்லும்படியாக ஒன்றும் கொடுக்கவில்லை. 1876-ஆம் ஆண்டின் நில, வருவாய்ச் சட்டப்படி ஒருவன் 12 ஆண்டுகள் தொடர்ந்து நிலத்தை வைத்திருந்து வரியும் கட்டிவந்தால்தான் அவனுக்கு நிலவுரிமை உறுதியாகும். கடனோ 12 ஆண்டுகள் காத்திருக்காது. அறுவடையானதும் நெல்லாகத் திருப்பித் தருவதாக முன்கூட்டியே வாங்கும் ‘சபாபே’ கடன் ஒரு பருவத்துக்குள் கழுத்தைப் பிடிக்கும். ஆகவே பலர் பாதியிலேயே, திருத்திய நிலத்தை வேறொருவருக்குக் கைமாற்றிவிட்டு இன்னும் உள்ளே, கடலை நோக்கி நகர்ந்தார்கள். அங்கே மறுபடி கோடாலி, மறுபடி தீ.

மைக்கேல் அடாஸ் 1974-இல் வெளியிட்ட கழிமுக ஆய்வு இந்த நகர்வை ஓர் ஏணியாக விவரிக்கிறது. கூலியாக வந்தவன் குத்தகைதாரனாகலாம், குத்தகைதாரன் நிலவுடைமையாளனாகலாம். நிலம் இருந்தவரை ஏறுவதற்குப் படி இருந்தது. அவர் காட்டும் சான்றுகளை ஏற்றுக்கொண்டே ஒன்றைச் சேர்க்கத் தோன்றுகிறது. கடனில் மூழ்கியவனுக்குப் புதுக்காடுதான் திவால் நீதிமன்றம். குத்தகை கூடினால் அவன் பேரம்பேசும் வலிமையும் அதுவே. பஞ்சக் காப்பீடும் அதுவே. ஓர் அரசு தன் குடிகளுக்குச் செய்திருக்க வேண்டிய மூன்று வேலைகளையும் யாரும் செலவழிக்காமல் காடு செய்துவந்தது. கழிமுகத்தில் மழை தாராளம் என்பதால் பஞ்சாபைப் போலக் கால்வாய் வெட்டும் செலவும் இல்லை. ஹென்சதா பக்கம் ஆற்றுக்கரை உயர்த்தினார்கள், 1877-இல் ரங்கூனிலிருந்து புரோமுக்கு ரயில் போட்டார்கள். ஐராவதி ஃப்ளோட்டில்லா கம்பெனியின் நீராவிப் படகுகள் ஓடின. எல்லாமே நெல்லைத் துறைமுகத்துக்குக் கொண்டுசேர்க்க. வயலில் ஏக்கருக்கு விளைவது கூட வேண்டும் என்பதற்காகச் செலவிட்டது சொற்பம்.

4. கணக்கெடுப்பு எதை எண்ணியது?

1872-இல் பிரிட்டிஷ் பர்மாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 27 லட்சம். 1881-இல் 37 லட்சம். ஒன்பதே ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருக்கிறது. பிறப்பு மட்டுமே இதைச் செய்திருக்க முடியாது. 1872-இன் எண்ணிக்கையில் விடுபட்டவர்கள் கொஞ்சம். மற்றபடி இது வந்து குடியேறியவர்களின் பெருக்கம். அவர்களில் பெரும்பான்மையினர் மன்னராட்சியில் இருந்த மேல் பர்மாவிலிருந்து வந்த பர்மியர்கள். இந்தியரின் வருகையை மட்டுமே பேசும் நூல்கள் இதை மறந்துவிடுகின்றன. கழிமுகத்தை வெட்டித் திருத்திய கைகளில் பெரும்பாலானவை பர்மியக் கைகளும் கரேன் கைகளும்தான்.

இந்தியத் தொழிலாளர் இந்த அமைப்பில் வேறோர் இடத்தில் பொருந்தினார்கள். காக்கிநாடா, விசாகப்பட்டினம் பக்கத்துத் தெலுங்கர், தமிழகக் கடலோர மாவட்டங்களிலிருந்து வந்த தமிழர், ஒடியர். மேஸ்திரி கொடுத்த முன்பணத்தில் டெக் டிக்கெட் எடுத்து பிரிட்டிஷ் இந்தியா (பி.ஐ.) கம்பெனிக் கப்பலில் வருவார்கள். மழை ஓய்ந்தபின் வந்து இறங்குவார்கள். டிசம்பர், ஜனவரியில் அறுவடை. அது முடிந்ததும் ரங்கூன் அரிசி ஆலைகளிலும் துறைமுகத்திலும் மூட்டை தூக்குவது. கோடை வந்ததும் ஊர் திரும்புவது. 1920களின் பிற்பகுதியில் ஓராண்டில் நான்கு லட்சம் பேருக்கு மேல் வந்து இறங்கியதும் உண்டு. திரும்பிப் போனவர்களும் சில லட்சம். தங்கியவர்களைவிடப் போய்வந்தவர்களே அதிகம், பெரும்பாலோர் ஆண்கள்.

இங்கேதான் கணக்கெடுப்பை நம்புவதில் ஒரு சிக்கல். இந்தியப் பேரரசின் கணக்கெடுப்பு 1881 முதல் 1931 வரை ஒவ்வொரு முறையும் பிப்ரவரி, மார்ச்சுக்குள் நடந்தது. கங்கைச் சமவெளிக்கு அது வசதியான பருவம். ரங்கூனுக்கோ அதுவே ஆலைகள் இரவும் பகலும் ஓடும் பருவம். கப்பல்கள் வந்துவிட்டன, இன்னும் திரும்பவில்லை. ஆக எண்ணப்பட்டது நகரத்தின் நிலையான குடியோடு, அலை உச்சத்தில் நின்ற பருவக்கூலிகளையும் சேர்த்த தொகை. 1931-இல் பர்மாவின் ஒரு கோடியே 46 லட்சம் மக்களில் இந்தியர் 10,17,825 பேர், நூற்றுக்கு ஏழு. ரங்கூனின் நான்கு லட்சம் பேரில் பாதிக்கு மேல் இந்தியர். ஆகஸ்டு மாத மழையில் எண்ணியிருந்தால் இந்த விகிதம் இறங்கியிருக்கும்.

இது வெறும் புள்ளியியல் நுணுக்கமாக நின்றுவிடவில்லை. 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுக்குப் பதிலாகப் பர்மியரை அமர்த்தினார்கள். பேச்சு முடிந்து பழையவர்கள் திரும்பியதும் பர்மியரை வெளியே அனுப்பினார்கள். அதில் மூண்ட கலவரத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் இந்தியர். அடுத்த ஆண்டு வெளிவந்த அந்தப் பத்து லட்சம், தலைநகரமே பறிபோயிற்று என்பதற்கு ஆதாரமாயிற்று. 1941-இன் கணக்கெடுப்பு ஏடுகளில் பெரும்பகுதி போரில் அழிந்துபோனதால் 1931-இன் எண்ணே நெடுங்காலம் கடைசிச் சொல்லாக நின்றது.

5. நிலம் தீர்ந்தபின்

அடாஸ் 1907–08-ஐத் திருப்புமுனையாக வைக்கிறார். அந்த ஆண்டுகளின் உலக நிதி நெருக்கடி ரங்கூனின் கடன்சந்தையையும் தொட்டது. அதோடு, நல்ல நிலம் என்று வெட்டித் திருத்த எஞ்சியிருந்தது மிகக் குறைவு. இத்தகைய முடிவுகளுக்கு ஒரே ஆண்டைக் குறிப்பது வரலாற்றாசிரியரின் வசதி. ஹென்சதாவில் முன்பே முடிந்தது, மியாங்மியாவிலும் பியாபோனிலும் பின்னால் முடிந்தது. ஆனால் போக்கு தெளிவு. ஏக்கர் கூடுவது மந்தமானது, ஆட்கள் கூடுவது நிற்கவில்லை. குத்தகை ஏறியது, குத்தகைதாரர் ஆண்டுக்கொருமுறை மாற்றப்பட்டார்கள். நிலமில்லாத கூலிகள் பெருகினார்கள். அதுவரை பர்மியர் வயலுக்கும் இந்தியர் ஆலைக்கும் என்று பிரிந்திருந்த கூலிச்சந்தையில் இருவரும் ஒரே வேலைக்கு முட்டிக்கொண்டார்கள்.

ஆள் நெருக்கம் கூடும்போது உழவு நுட்பமாகும், இரண்டாம் போகம் வரும், விளைச்சல் ஏறும் என்பது எஸ்தர் போசரப்பின் புகழ்பெற்ற வாதம். கழிமுகத்தில் அது நடக்கவில்லை. காரணம் விவசாயியின் சோம்பலோ பௌத்தத்தின் பற்றின்மையோ அல்ல (இரண்டையும் எழுதிய அதிகாரிகள் உண்டு). ஆண்டுக்கொருமுறை மாற்றப்படும் குத்தகைதாரன் வரப்பைக்கூடச் சரியாக உயர்த்த மாட்டான், பலன் அடுத்தவனுக்கு. வெளியிலிருக்கும் நிலவுடைமையாளனுக்கோ ஆள் கிடைக்கும்வரை எருவில் பணம் போட அவசியமில்லை. ஆள்பெருக்கம் உழவை மேம்படுத்த வேண்டுமென்றால் நிலம் உழுபவனிடம் நிலைக்க வேண்டும். இங்கே ஆள்பெருக்கமே அவனை நிலைக்கவிடாமல் செய்தது.

அரசுக்கு இது தெரியாமலில்லை. பஞ்சாபில் 1900-இலேயே விவசாயியின் நிலம் வட்டிக்காரனுக்குப் போகாமல் தடுக்கும் சட்டம் வந்துவிட்டது. பர்மாவுக்கான மசோதாக்கள் எழுதப்பட்டு, விவாதிக்கப்பட்டு, கிடப்பில் போடப்பட்டன. பஞ்சாப் விவசாயியின் மகன் பட்டாளத்தில் இருந்தான். பர்மிய விவசாயிக்குப் பட்டாளத்தில் இடமில்லை. ஏற்றுமதிக் கம்பெனிகளும் கடன்காரர்களும் அடமானத்தின் மதிப்பு குறையக்கூடாது என்றார்கள். இரண்டு காரணங்களில் எது பெரிது என்றால், முதலாவதே என்று கருதுகிறேன். பர்மிய விவசாயியின் அதிருப்திக்கு அரசு அஞ்ச வேண்டியதாக இருக்கவில்லை, 1930 டிசம்பர் வரை.

அந்த மாதம் தாராவடி மாவட்டத்தில் சாயா சான் தலைமையில் கிளர்ச்சி எழுந்தது. உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் நெல் விலை பாதிக்கும் கீழே இறங்கிக்கொண்டிருக்க, தலைவரி மட்டும் இறங்கவில்லை: மணமானவனுக்கு ஐந்து ரூபாய், ஆகாதவனுக்கு இரண்டரை. அடக்குவதற்கு ஒன்றரை ஆண்டுக்கு மேலானது. சாயா சான் 1931 நவம்பரில் தூக்கிலிடப்பட்டார். ஜேம்ஸ் ஸ்காட் இதைப் பிழைப்பின் அடித்தளம் உடைந்த குடியானவரின் தார்மீகக் கோபமாக வாசித்தார். இயன் பிரவுன் பின்னாளில் அந்த வாசிப்பைச் சற்றே தளர்த்துகிறார்: பல விவசாயிகள் குத்தகையையும் வரியையும் கடனையும் கட்டாமல் நிறுத்தியே நெருக்கடியின் சுமையை மேலே தள்ளினார்கள் என்கிறார். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதாக எனக்குப் படவில்லை. கட்டாமல் நிறுத்தியதன் விலைதான் நிலம்.

6. செட்டியார் பங்கு

நிலம் யாரிடம் போனது? கீழ் பர்மாவின் பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் செட்டியார்களிடம் இருந்தது நூற்றுக்கு ஆறு. 1937-இல் இருபத்தைந்து. ஏழே ஆண்டுகளில் இருபது லட்சம் ஏக்கருக்கு அருகே கைமாறியிருக்கிறது.

இந்த எண்களை இரு விதமாகப் படிக்கிறார்கள். பர்மிய தேசியவாதம் இதில் திட்டமிட்ட பறிப்பைக் கண்டது. நம் பக்கத்து நூல்களோ, ‘செட்டியார் வேண்டியது பணம், மண்ணில்லை’ என்கின்றன. இரண்டாவதில் உண்மை அதிகம். 1930-இன் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகளையும் 75 கோடி ரூபாய் அளவிலான முதலையும் கணக்கிட்டது. கீழ் பர்மாவில் ஒரு நாள் பயணத்தில் செட்டியாரை எட்டமுடியாத விவசாயி அரிது என்றும் கண்டது. அவர்கள் வாங்கிய வட்டி கிராமத்துக் கடன்காரர் வாங்கியதைவிடக் குறைவு. மூன்றாண்டுக் கணக்கு முடிந்து காரைக்குடிக்கோ தேவகோட்டைக்கோ திரும்பவேண்டிய மேலாளுக்குப் பியாபோன் சேற்றில் ஐந்நூறு ஏக்கர் பெரிய தலைவலி. விற்க ஆளில்லை, குத்தகை வராது, ஊரில் பணம் போட்டவர்கள் கேட்கிறார்கள்.

ஆனால் நோக்கத்தைச் சொல்லி விளைவைத் தள்ளிவிட முடியாது. கடன் கொடுத்த ஒவ்வொரு முறையும் அடமானமாக எழுதப்பட்டது நிலம்தான். நிலவிலை ஏறிக்கொண்டே இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் கடனும் பெருகியது. அந்த ஏற்றத்தின் மூலம் விளைச்சலில் இல்லை, தீர்ந்துகொண்டிருந்த காட்டில் இருந்தது. கழிமுகத்தை விரித்ததும் செட்டியார் பணமே, அதன் தேக்கத்தை மறைத்ததும் அதே பணமே. செட்டியார் ஒதுங்கியிருந்தாலும் வேறு யாரோ அந்த இடத்தில் இருந்திருப்பார்கள். விவசாயிகள் அல்லாதவர்களின் கையிலிருந்த பாதி நிலத்தில் செட்டியார் பங்கு போக மீதியை வைத்திருந்தவர்களில் பர்மியப் பணக்காரர்களும் உண்டு என்பதைக் கலவரகாலத் துண்டறிக்கைகள் பேசவில்லை.

7. விளக்கங்கள் எதுவரை பொருந்தும்?

ஃபர்னிவால் பர்மாவில் நிலவரி அதிகாரியாகவே வேலை பார்த்தவர். இனங்கள் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தும் சந்தையில் மட்டுமே சந்திக்கும் ‘பன்மைச் சமூகம்’ என்ற அவருடைய கருத்து, 1948-இல் வெளிவந்த காலனியக் கொள்கை நூலில் முழு வடிவம் பெற்றது. கடன்காரன், ஆலைக்காரன், கூலி, உழவன் என ஒவ்வொருவரும் வேறு வேறு இனமாக இருந்ததால் சந்தையைக் கட்டுப்படுத்தும் பொது ஒழுக்கம் எதுவும் எழவில்லை என்பது அவர் வாதம். 1930களுக்கு அது நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் 1880களிலும் அதே இனங்கள்தான் இருந்தன. அப்போது பெருங்கலவரம் இல்லை. மாறியது நிலத்தின் கையிருப்பு.

பர்மியப் பொருளியலாளர் ஹ்லா மின்ட் 1950களில் வேறு பக்கமிருந்து வந்தார். ஆடம் ஸ்மித்திடமிருந்து எடுத்த கருத்து அது: பயன்படாமல் கிடந்த நிலமும் உழைப்பும் வெளிச்சந்தை திறந்ததும் வேலைக்கு வந்தன, உற்பத்தித்திறன் உயராமலே ஏற்றுமதி உயர்ந்தது. கழிமுகத்தின் எண்கள் இதற்கு அப்படியே ஒத்துப்போகின்றன. எனினும் ‘பயன்படாமல்’ என்ற சொல்லின் மீது நிறைய சுமை ஏறியிருக்கிறது. நிலம் பயன்படாமல் இல்லை என்று மேலே பார்த்தோம். உழைப்பும் சும்மா இருந்ததாகச் சொல்ல முடியாது. வறள் வலயத்தில் மழை பொய்த்த ஆண்டுகளும் மேல் பர்மா ஆங்கிலேயரிடம் வீழ்ந்த 1885-க்குப் பின் நடந்த அடக்குமுறையும் தெலுங்கு மாவட்டங்களின் கடன்களும் சேர்ந்து ஆட்களைக் கிளப்பின. ‘உபரி’ உழைப்பு என்று புத்தகம் சொல்வது பல இடங்களில் ஊரை விட்டுத் துரத்தப்பட்ட உழைப்பு.

மின்ட்டின் கருத்தில் நான் எடுத்துக்கொள்வது அதன் மறைமுக எச்சரிக்கையை. இத்தகைய வளர்ச்சி ஒருமுறைதான் நடக்கும். நிலத்தைச் சாப்பிட்டு முடித்தபின் மறுபடி வளர வேறு வழி தேட வேண்டும். அந்த வழிக்கான பள்ளியோ பாசனமோ தொழிலோ கழிமுகத்தில் போடப்படவில்லை.

விடுதலைக்குப் பிந்தைய ஆண்டுகள் இதைச் சோதித்துப் பார்க்க உதவுகின்றன. 1937-இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. 1942-இல் ஏறத்தாழ ஐந்து லட்சம் இந்தியர் வெளியேறினார்கள். 1948-இன் நில தேசியமயச் சட்டம் செட்டியார்களின் உரிமையை முடித்துவைத்தது, எதிர்பார்த்த இழப்பீடு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. கடன்காரனும் கூலியும் போய்விட்டார்கள். பன்மைச் சமூகமே நோயென்றால் கழிமுகம் அதன்பின் தேறியிருக்க வேண்டும். போருக்கு முந்தைய பயிர்ப்பரப்பைத் திரும்ப எட்டவே 1960கள் ஆயின. போருக்கு முன் எட்டியிருந்த 30 லட்சம் டன்னை ஏற்றுமதி அதன்பின் பல பத்தாண்டுகள் தொடவேயில்லை. உள்நாட்டுப் போரும் இதற்கு ஒரு காரணம். ஆனால் அரசே நெல்லைக் குறைந்த விலைக்கு வாங்கி அதிக விலைக்கு விற்ற கொள்முதல் முறையில், பழைய ரங்கூன் ஆலைக்காரர்களின் இடத்தில் அரசு வாரியம் உட்கார்ந்திருந்தது. விவசாயிக்கு இந்த முறை தப்பிப்போகக் காடும் இல்லை.